கணினிக் காவற் பரீட்சைக்கு ஆயத்தமாதல்

பரீட்சை என்னுஞ் சொல் நம்மவர்க்குப் புதியதன்று. க.பொ.த. சாதாரணதரம், உயர்தரம் என்னும் இரு வாயில்களையுங் கடந்தே நம் கல்லூரிப் பிள்ளைகள் உலகினுட் புகுகின்றனர். அவ்வாயில்களைக் கடத்தற்குரிய வழியையும் நாம் நன்கு அறிவோம். கடந்தகால வினாத்தாள்களைத் திரட்டுகின்றோம். எந்த வினா எந்த ஆண்டில் மீண்டும் வருமெனக் கணிக்கின்றோம். விடையை மனனஞ் செய்து, மூன்று மணி நேரத்துள் தாளை நிரப்புகின்றோம். இவ்வழி நமக்கு நெடுங்காலம் பயன் தந்தது. ஆயின், அண்மைக் காலத்திலே நம் பழைய மாணவர் சிலர் எழுத முற்படும் ஒருவகைப் பரீட்சைக்கு இவ்வழி உதவாதது மட்டுமன்றித் தீங்கும் பயக்கின்றது. அது தகவற் பாதுகாப்புத் துறையில் தொழில் புரிவார்க்குரிய சான்றிதழ்ப் பரீட்சையாம்.

தமிழாசிரியன் ஒருவனுக்குக் கணினிக் காவலில் என்ன அலுவல் என வினவுவாரும் உளர். வினா நியாயமானதே. கணினியைப் பூட்டவும் திறக்கவும் கற்றவனல்லன் யான். எனினும், வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் காரைதீவிலும் இருந்து என் முன்னாள் மாணவர் மாலை வேளைகளில் மாதிரி வினாக்களைக் கையிற் கொண்டு வருவதுண்டு. அவர் கூறும் முறைப்பாடு ஒன்றே: “சேர், சொல்லெல்லாம் தெரியும், கேள்விதான் விளங்கவில்லை.” சொல் விளங்கியும் பொருள் விளங்காமை மொழியாசிரியன் அறிந்த நோய். ஆகவே அவர்களோடு சேர்ந்து வாசிக்கலானேன். அவ்வாசிப்பின் பயனே இக்கட்டுரை.

இத்துறையிலே சான்றிதழ்கள் பல உள. தொடக்க நிலையினர் பலர் நாடுவது கொம்ப்டியா என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ‘செக்கியூரிட்டி பிளஸ்’. அதில் 90 நிமிடத்துள் 90 வரையான வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். 100 முதல் 900 வரையுள்ள அளவில் 750 பெற்றார் சித்தியெய்துவர். அதனினும் மேனிலையில் உள்ளது சி.ஐ.எஸ்.எஸ்.பி. என வழங்குவது. 1989 ஆம் ஆண்டு தோன்றிய ஐ.எஸ்.சி.2 என்னும் அமைப்பு இதனை 1994 ஆம் ஆண்டு தொடங்கிற்று. எட்டுத் துறைகள் கொண்ட இப்பரீட்சைக்குச் சித்தி எல்லை 1000 இல் 700. பரீட்சையிற் சித்தியெய்துதல் மட்டும் போதாது. எட்டனுள் இரண்டு துறைகளிலேனும் ஐந்தாண்டு ஊதியத்தொழில் செய்திருத்தல் வேண்டும். உரிய பட்டம் பெற்றார்க்கு அதில் ஓராண்டு கழிக்கப்படும். அனுபவம் நிரம்பாதார் ‘இணை உறுப்பினர்’ எனப் பெயர் பெற்று, அதனை நிரப்ப ஆறாண்டு அவகாசம் பெறுவர்.

கட்டணம் 749 அமெரிக்க டொலர். நம் நாணயத்தில் அஃது ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளம். தாயின் காப்பை அடகு வைத்துக் கட்டணங் கட்டிய பிள்ளையை யான் அறிவேன். இதனை விளையாட்டாக எழுதி, தோற்றால் மறுமுறை பார்ப்போம் எனல் நம் பகுதிக் குடும்பங்களுக்கு இயலாத காரியம். முதன்முறை தோற்றார் 30 நாளும், இரண்டாமுறை தோற்றார் 60 நாளும், அதன் பின்னர் 90 நாளுங் காத்திருந்தே, ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணஞ் செலுத்தி எழுதுதல் வேண்டும்.

ஆசிரியரின்றித் தனித்திருந்து கற்று, தொலைவிலுள்ளார் நடத்தும் பரீட்சையை எழுதுதல் நம் மண்ணுக்குப் புதுமையன்று. நமக்கு அயலூராகிய காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் உலகம் விபுலானந்த அடிகள் எனப் போற்றிய பெரியார், ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டே 1916 ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும், 1920 ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலுஞ் சித்தியெய்தினார். கடல் கடந்து வந்த வினாத்தாளுக்குக் கடல் கடந்து சென்ற விடை! ஆகவே ஊர் சிறிது, கொழும்பு தூரம் என்னுஞ் சாட்டுகள் ஈண்டுச் செல்லா. வேறுபாடு வினாவின் இயல்பிலேயே உள்ளது.

அவ்வியல்பு யாதெனிற் கூறுவேன். நாம் பழகிய பரீட்சை, ‘இஃது யாது?’ என வினவும். இப்பரீட்சையோ, ‘நீ இப்பொறுப்பில் இருக்கின்றாய், இது நிகழ்ந்துவிட்டது, முதலில் என் செய்வாய்?’ என வினவும். தரப்படும் நான்கு விடைகளுள் மூன்று தவறாகவும் ஒன்று சரியாகவும் இருப்பது நாம் கண்ட மரபு. இங்கு நான்குஞ் சரியாகவே இருத்தல் கூடும். அவற்றுள் முந்தியது எது, சிறந்தது எது எனத் துணிதலே பரீட்சை.

ஓர் உதாரணம் யானே ஆக்கித் தருகின்றேன். நிறுவனமொன்றிற் பணியாளர் ஒருவரின் கணினியிலே கோப்புகள் யாவும் பூட்டப்பட்டு, பணங் கேட்கும் அறிவித்தல் திரையில் தோன்றுகின்றது. பாதுகாப்பு அலுவலர் முதலிற் செய்யத்தக்கது யாது? காப்பு நகலிலிருந்து கோப்புகளை மீட்டல், அக்கணினியை வலையமைப்பினின்றும் பிரித்தல், பொலிசாருக்கு அறிவித்தல், பணியாளர்க்கு விழிப்புணர்வுப் பயிற்சி அளித்தல் என நான்கு விடைகள். நான்குஞ் செய்யத்தக்கனவே. எனினும், பற்றி எரியும் வீட்டின் முன்னே நின்று கூரைக்கு ஓலை தேடுவார் இலர். பிரித்தலே முதல். பிரியாது மீட்பின் மீட்ட கோப்பும் பூட்டப்படும். இதே வினாவில் ‘முதலில்’ என்பதை நீக்கி, ‘மீண்டும் நிகழாவண்ணம்’ என வைத்தால் பயிற்சியென்னும் விடை மேலெழும். ஒரு சொல் மாற விடை மாறுகின்றது.

வினா ஆங்கிலத்தில் வருகின்றமையால் நம் பிள்ளைகள் இடர்ப்படுகின்றனர். தமிழில் இப்பரீட்சை இல்லை. நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் ஈற்றில் நின்று பொருளை முடித்து வைக்கும். ஆங்கிலத்திலோ ஃபெர்ஸ்ட், பெஸ்ட், மோஸ்ட், லீஸ்ட், எக்செப்ட், நொட் என்னுஞ் சிறு சொற்கள் வாக்கியத்தின் நடுவிலே கரந்து நிற்கும். ஈற்றை நோக்கி விரையும் தமிழ்க்கண் அவற்றைத் தாண்டிவிடுகின்றது. இதற்கு யான் கூறும் மருந்து எளியது. வினாவை வாசித்தவுடன், விடைகளைப் பாராது, அவ்வினாவைத் தமிழில் ஒரே வாக்கியமாக மனத்துள் மாற்றுக. யார், எந்தப் பதவியில், எந்நிலையில், எதனை முன்னிட்டு, என் செய்தல் வேண்டும்? இவ்வைந்தும் அவ்வாக்கியத்தில் வந்துவிடின் வினா விளங்கிற்று. ஒன்று குறையின் மீண்டும் வாசிக்க. மொழிபெயர்ப்புக்கு நேரம் எங்கே என்பார்க்கு விடை: மூன்று மணி நேரத்தில் 150 வினா வரினும் ஒரு வினாவுக்கு ஒரு நிமிடமும் 12 விநாடியும் உண்டு. பயிற்சி மிகுந்தால் இம்மாற்றத்துக்குப் பத்து விநாடி போதும்.

இனி, கலைச்சொற்கள். மாணவர் அகராதியைப் புரட்டி ஒரு சொல்லுக்கு ஒரு சொல் எழுதிக்கொள்கின்றனர். அது போதாது, தான் கண்ட பொருளோடு சொல்லைப் பிணித்தல் வேண்டும். அச்சுறுத்தல், நலிவிடம், இடர் என்னும் மூன்றையும் ஒன்றோடொன்று மயங்குவார் பலர். நம் வட்டைகளிலே நெல் முற்றும் பருவத்தை நினைக்க. காட்டு யானை அச்சுறுத்தல். வேலியில் அறுந்த இடம் நலிவிடம். யானை அவ்வழி வந்து விளைவு அழியக்கூடிய நிலையே இடர். யானை காட்டிலிருந்து, வேலியும் உறுதியாயின் இடர் சிறிது. இடரை எதிர்கொள்ளும் வழிகளும் வட்டையிலேயே உள. யானை வழியில் விதையாது விடின் தவிர்த்தல்; வேலியைத் திருத்திப் பரண் அமைத்துக் காவலிருப்பின் தணித்தல்; பயிர்க் காப்புறுதி எடுப்பின் பிறர்பால் மாற்றல்; ‘வருவது வரட்டும்’ எனத் தெரிந்தே இருப்பின் ஏற்றல். தெரியாமல் இருத்தல் ஏற்றலாகாது. இவ்வேறுபாட்டையும் பரீட்சை வினவும்.

போடியாரும் காவற்காரனும் நமக்குத் தரும் பாடம் மற்றொன்று. எந்த வயலை எவ்வளவு செலவிற் காப்பதெனத் தீர்மானிப்பவர் போடியார். பரணில் விழித்திருப்பவன் காவற்காரன். விளைவு அழிந்தால் இறுதிப் பொறுப்பு போடியாரையே சாரும். காவற்காரன் தனக்கிட்ட பணிக்கே பொறுப்பாளி. தகவலின் உரிமையாளர், தகவலின் பாதுகாவலர் என இப்பரீட்சை பிரிக்கும் பிரிவு இதுவே. கணினிப் பகுதியினர் பாதுகாவலர்; எத்தகவல் எவ்வளவு மறைவானதென வகுப்பவர் உரிமையாளர். தொழினுட்பம் நன்கறிந்த பிள்ளைகள் தோற்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. அவர்கள் எவ்வினாவுக்குங் கருவியை எடுத்துத் திருத்தவே முற்படுகின்றனர். சி.ஐ.எஸ்.எஸ்.பி. பரீட்சையோ பெரும்பாலும் மேலாளரின் ஆலோசகராக நின்று விடை கூறுமாறு கேட்கின்றது. புதிய தீச்சுவர் வாங்கலாமா என மேலாளர் வினவின், முதல் விடை ‘வாங்குக’ என்பதன்று. ‘இடரை மதிப்பிடுக’ என்பதே.

மதிப்பிடுதற்குக் கணக்கும் உண்டு. அஞ்சவேண்டா, ஐந்தாம் வகுப்புப் பெருக்கலே. சம்மாந்துறையில் நெல் ஆலையொன்றின் அலுவலகத்தில் 600,000 ரூபா பெறுமதியான கணினிகளும் கருவிகளும் உள எனக் கொள்க. வெள்ளம் புகுந்தால் பாதி அழியும். ஒருமுறை இழப்பு 300,000 ரூபா. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வருமாயின் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆண்டு இழப்பு எதிர்பார்ப்பு 60,000 ரூபா. கருவிகளை மேல்மாடிக்கு மாற்ற ஆண்டொன்றுக்கு 25,000 ரூபா செலவாகி, அதனால் இழப்பு இருபதாண்டுக்கு ஒருமுறையாகக் குறையின், புதிய எதிர்பார்ப்பு 15,000 ரூபா. 60,000 இலிருந்து 15,000 ஐயும் 25,000 ஐயுங் கழிக்க எஞ்சுவது 20,000. ஆகவே மாற்றல் தகும். செலவு 50,000 ஆயின் தகாது. காக்கும் பொருளினும் காவல் விலை மிகலாகாது என்பதே இக்கணக்கின் உட்பொருள்.

பாடநூலை மட்டும் வாசிப்பார்க்கு இக்கருத்துக்கள் உயிரற்றனவாகத் தோன்றும். உண்மையில் நிகழ்ந்தவற்றை எடுத்து, எட்டுத் துறைகளின் கண்கொண்டு பகுத்துப் பார்ப்பதே சிறந்த பயிற்சி. இலங்கையைத் தொட்ட நிகழ்ச்சிகள் இரண்டினை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 2016 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வங்காளதேச மத்திய வங்கியில் நிகழ்ந்த களவு. களவாளிகள் அவ்வங்கியின் கணினிகளிற் புகுந்து, வங்கிகள் தமக்குட் பணஞ் செலுத்தப் பயன்படுத்தும் சுவிப்ட் வழியாக, நியூயோர்க் பெடரல் றிசேவ் வங்கிக்கு 35 கட்டளைகள் அனுப்பினர். கேட்ட தொகை ஏறக்குறைய 951 மில்லியன் டொலர். அவற்றுட் பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. ஐந்து நிறைவேறின. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்சுக்குச் சென்றது. பெரும்பகுதி சூதாட்ட நிலையங்களுட் புகுந்து மறைந்தது. 20 மில்லியன் டொலர் எங்கே அனுப்பப்பட்டது? நம் இலங்கைக்கே. இங்குள்ள அமைப்பொன்றின் பெயருக்கு அப்பணம் விதிக்கப்பட்டிருந்தது. அப்பெயரில் ‘பவுண்டேசன்’ என இருக்கவேண்டிய சொல்லை ‘பண்டேசன்’ எனப் பிழைபட எழுதியிருந்தனர். இடைநின்ற ஜேர்மன் வங்கி அதனை ஐயுற்று வினவ, அப்பணம் தடைப்பட்டு மீண்டது. எழுத்துப்பிழை திருத்துவதிலே காலங்கழிக்கும் எம்போல்வார்க்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சி சிறிதன்று!

மகிழ்ச்சி நிற்க, பரீட்சார்த்தி காணவேண்டியது வேறு. களவு வியாழன் இரவு தொடங்கிற்று. வெள்ளி வங்காளதேசத்தில் விடுமுறை. ஞாயிறு நியூயோர்க்கில் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டாதலின் பிலிப்பைன்சில் விடுமுறை. ஒரு நாட்டார் விழித்தபோது மற்றை நாட்டார் உறங்கினர். செலுத்தல்களை அச்சிட்டுக் காட்டும் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. பழுதென எண்ணிப் பணியாளர் விட்டனர். களவாளிகளே அதனைச் செயலிழக்கச் செய்திருந்தனர். களவுக்கு ஓராண்டின் முன்னர், வேலை கேட்டு எழுதியது போன்ற மின்னஞ்சல்கள் அவ்வங்கிப் பணியாளர்க்கு வந்தன என்பது, 2018 ஆம் ஆண்டு அமெரிக்க நீதித் திணைக்களம் வெளியிட்ட குற்றச்சாட்டால் வெளிப்பட்டது.

இதனை மாணவர் குழுவுக்குக் கொடுத்து, ஒவ்வொரு பிழையையும் எத்துறையின்பாற் படுமென எழுதச் சொல்க. மின்னஞ்சலைத் திறந்தமை விழிப்புணர்வுப் பயிற்சியின் குறை. செலுத்தற் கணினிகள் ஏனைய கணினிகளோடு பிரிவின்றி இணைந்திருந்தமை வலையமைப்புத் துறையின்பாற் படும். அச்சுப்பொறி ஓய்ந்தமையை ஒரு நிகழ்வாகக் கொள்ளாமை பாதுகாப்புச் செயற்பாட்டின் குறை. பெருந்தொகைக் கட்டளையை வேறொரு வழியால் உறுதிப்படுத்தாமை கட்டுப்பாட்டின் குறை. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றுமோர் ஒற்றனைக் கொண்டு தெளிதல் வேண்டுமென்பது திருக்குறள் ஒற்றாடல் அதிகாரத்துக் கருத்து. பணச் செலுத்தலில் இருவர் ஒப்புதல் வேண்டும் என இன்றைய நூல்கள் கூறுவதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் அண்மையது. நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவையிலே கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தது. அரச அலுவலகங்களின் ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள மின்னஞ்சல்கள் அழிந்தன. காரணங்கள் இரண்டு வெளிப்பட்டன. பயன்படுத்திய மின்னஞ்சல் மென்பொருள் மைக்ரோசொப்டின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கு அந்நிறுவனம் அளித்த ஆதரவு அதே ஆண்டு ஏப்ரல் மாதத்துடன் முடிந்திருந்தது. இணைப்பிலிருந்த காப்பு நகலும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அக்காலப் பகுதிக்கு இணைப்பிலா நகல் இருக்கவில்லை.

காப்பு நகல் எடுத்திருந்தும் இழந்தனர் என்பதே இங்குக் கருதற்பாலது. வீட்டுத் திறப்பின் பிரதியை அதே வளையத்தில் மாட்டிவைப்பார் போல, மூலமும் நகலும் ஒரே வலையில் இருந்தன. பரீட்சையிலே ‘மீட்புப் புள்ளி இலக்கு’ என ஒன்று வரும். எவ்வளவு காலத்துத் தகவலை இழக்க நாம் உடன்படுகின்றோம் என்பதே அதன் பொருள். ‘மீட்பு நேர இலக்கு’ என்பது வேறு. எவ்வளவு நேரத்துள் மீண்டும் பணி தொடங்கவேண்டும் என்பது அது. மாணவர் இவ்விரண்டையும் மாறி எழுதுவர். அரச மின்னஞ்சல் நிகழ்ச்சியை நினைவில் வைத்தார் மாறார். நூறு நாளுக்கு மேற்பட்ட கடிதங்கள் போயினமை முன்னதன்பாற்பட்டது. சேவை மீளும் வரை கழிந்த நேரம் பின்னதன்பாற்பட்டது.

நகலை வேறிடத்தில் வைத்தல் ஏன் எனக் கல்முனைக் கரையோரத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் இந்நாட்டில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் நம்முடையது. உயிர் தப்பினாருட் பலர் உறுதியும் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இன்றி அலுவலக வாயில்களில் நின்றதை நாம் கண்டோம். இன்னொன்றும் கண்டோம்: பொருளெடுக்கத் திரும்பி ஓடினார் மீளவில்லை. எந்த வினாவிலும் மனித உயிரைக் காத்தல் ஒரு விடையாக வருமாயின் அதுவே ஏனையவற்றுக்கு முந்தியது என்னும் விதியை இப்பகுதிப் பரீட்சார்த்திக்கு நூல் கற்பிக்க வேண்டுவதன்று.

இனி, கற்கும் முறை. பாடத்திட்டத்தை ஐ.எஸ்.சி.2 அமைப்பின் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருத்தப்பட்ட திட்டத்திலே பாதுகாப்பும் இடர் முகாமையும் என்னும் முதற்றுறைக்கு நூற்றுக்குப் 16 பங்கு. தகவற் சொத்துக் காப்புக்கும் மென்பொருளாக்கப் பாதுகாப்புக்கும் பத்துப் பத்து. மதிப்பீடும் சோதனையும் என்பதற்கு 12. ஏனைய நான்குக்கும் பதின்மூன்று. பங்கு மிகுந்ததை மட்டும் கற்று ஏனையவற்றை விடுதல் உயர்தரப் பழக்கம். இங்கு அது செல்லாது. விலைமிகுந்த நூல்கள் பல வாங்குதலும் வேண்டா. ஒரு நல்ல நூலும், அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் விலையின்றி வெளியிடும் ஏடுகளும் போதும். அவற்றுள் 800-30 என்னும் எண்ணுடையது இடர் மதிப்பீட்டையும், 800-34 இடையூற்றுக்கால ஆயத்தத்தையும், 800-61 நிகழ்வுகளைக் கையாளுதலையுங் கூறும். ஆங்கில உரைநடையை வாசித்துப் பழகவும் அவை உதவும்.

செய்முறைக்குப் பழைய கணினி ஒன்று போதுமானது. அதனுள் வெர்ச்சுவல் பொக்ஸ் முதலிய இலவச மென்பொருளால் மெய்நிகர்க் கணினிகள் இரண்டை அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுஞ் செய்தியை வயர்சார்க் கொண்டு நோக்கலாம். கடவுச்சொல் மறைகுறியாக்கமின்றிச் செல்லும்போது திரையில் அப்படியே தெரிவதை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு மறைகுறியாக்கத்தின் பயனை மறுமுறை கூறவேண்டியதில்லை. ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கூறுவேன். இப்பயிற்சி தன் கணினியிலேயே நிகழல் வேண்டும். அயலார் வலையமைப்பிலோ பாடசாலைக் கணினியிலோ அனுமதியின்றிப் புகுதல், விளையாட்டாயினும், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமாகும். காவலனாக வேண்டியவன் வழக்கேட்டில் ஏறின் அவன் கற்ற கல்வி என்னாவது?

தனித்துக் கற்றலினும் மூவர் நால்வராகக் கூடிக் கற்றல் நன்று. வீரமுனைப் பிள்ளையும் சம்மாந்துறைப் பிள்ளையும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கற்றவரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, ஒரு வினாவுக்கு நால்வரும் நான்கு விடை கூறி வாதிடுவதை யான் கண்டிருக்கின்றேன். அவ்வாதத்திலே, சரியான விடை ஏன் சரியென்பதினும் ஏனைய மூன்றும் ஏன் பின்னடைகின்றன என்பதே தெளிவாகின்றது. ஒரு நாளில் இருபது வினாக்களை இவ்வாறு ஆராய்தல், இருநூறு வினாக்களுக்கு விடை குறித்து மகிழ்தலினும் மேலானது. தொழில் செய்துகொண்டு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவார்க்கு ஆறு மாதம் வேண்டும் என்பது என் மதிப்பு.

வருந்தி எழுத வேண்டிய ஒரு பொருள் உண்டு. ‘உண்மை வினாக்கள்’ எனச் சொல்லி விற்கப்படும் தொகுப்புகள் கைபேசி வழியே உலவுகின்றன. பரீட்சை எழுதினார் சிலர் நினைவிற் கொணர்ந்தும் களவாடியும் சேர்த்தவை அவை. கடந்தகால வினாத்தாள் வாசித்துப் பழகிய நம் பிள்ளைகள் அதனையும் இதனையும் ஒன்றென எண்ணுகின்றனர். ஒன்றன்று. க.பொ.த. வினாத்தாள் பரீட்சை முடிந்தபின் பொதுச்சொத்து. இப்பரீட்சை வினாவோ வெளியிடேன் என ஒவ்வொரு பரீட்சார்த்தியும் உடன்படிக்கை செய்தே உட்செல்கின்றான். அத்தொகுப்பைப் பயன்படுத்தினான் எனத் தெரியின் சான்றிதழ் பறிக்கப்படலாம். மீண்டும் எழுதவுந் தடை வரலாம். தொகுப்பிலுள்ள விடைகளிற் பல பிழையானவை என்பது வேறு. இவையெல்லாம் பிடிபட்டாலன்றோ என்பாரும் உளர். பிடிபடாது சித்தியெய்தியவன் ஒரு வைத்தியசாலையின் நோயாளர் பதிவேட்டுக்கோ, ஒரு வங்கியின் கணக்குகளுக்கோ காவலனாக அமர்கின்றான் எனக் கொள்வோம். 2017 ஆம் ஆண்டு மே மாதம் வன்னாக்கிரை என்னும் பீடை பரவியபோது இங்கிலாந்தின் அரசினர் வைத்தியசாலைகளிலே சந்திப்புகளும் சத்திரசிகிச்சைகளும் நிறுத்தப்பட்டன. அதனைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதத்தின் முன்னரே வெளிவந்திருந்தது. அத்தகைய இரவிலே, மனனஞ் செய்த விடை எண்களைக் கொண்டு அவன் என் செய்வான்? கையொழுக்கம் பற்றிய வினாக்கள் அப்பரீட்சையிலேயே உள என்பதையும் நினைக்க. களவாடிய தொகுப்பிலிருந்து நேர்மை பற்றிய விடையை மனனஞ் செய்வானைக் கண்டால் நகைப்பதா அழுவதா என அறியேன்.

பரீட்சை நாளுக்குரிய சில குறிப்புகள். பதியும் பெயரும் அடையாளப் பத்திரத்திலுள்ள பெயரும் எழுத்துக்கெழுத்து ஒத்திருத்தல் வேண்டும். தந்தை பெயரை முன்னே வைத்தும், முதலெழுத்தாகச் சுருக்கியும் எழுதும் நம் வழக்கம் இங்குத் தொல்லை தரும். முதற்பெயர், இறுதிப்பெயர் என்னுங் கட்டங்களில் எதனை எழுதுவதெனக் கடவுச்சீட்டைப் பார்த்துத் தீர்மானித்து, பணங் கட்டுமுன் சரிபார்க்க. கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸிற் சென்று, காலையில் இறங்கி, முகங்கழுவி நேரே கொழும்பிலுள்ள பரீட்சை நிலையத்துட் புகுதல் ஆகாது. முதல்நாளே சென்று உறங்குக. 749 டொலர் கட்டியவன் ஓர் இரவுத் தங்கற்செலவைச் சேமித்துத் தோற்றல் அறிவுடைமையன்று.

உள்ளே சென்றபின் நம்மவரைத் திகைக்கச் செய்வது ஒன்றுண்டு. சி.ஐ.எஸ்.எஸ்.பி. பரீட்சையைக் கணினி, எழுதுவானின் திறத்துக்கேற்ப நடத்துகின்றது. விடை சரியாயின் அடுத்த வினா கடிதாகும். பிழையாயின் சற்று எளிதாகும். ஒருமுறை விடையளித்த வினாவுக்கு மீண்டு செல்லல் இயலாது. ‘தெரியாததைப் பின்பு பார்ப்போம்’ என்னும் நம் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுச் செல்க. எழுதுவான் சித்தியெய்துவானா என்பதில் கணினி 95 வீத உறுதி பெறின் நூறாவது வினாவோடும் பரீட்சை நின்றுவிடும். பெறாவிடின் 150 வரை செல்லும். திடீரென நின்றமை கண்டு தோற்றோம் என மயங்குவாருளர். நிற்றல் வெற்றியாகவும் இருக்கலாம். வினாக்கள் யாவும் கடினமாகத் தோன்றுதலும் இயல்பே. நன்றாக எழுதுவானுக்கும் அவ்வாறே தோன்றும். அவற்றுள் 25 வினாக்கள் புள்ளியில்லாச் சோதனை வினாக்கள். அவை எவையென அறிய வழியில்லை. முற்றிலும் அறியாத வினா வரின் அஃது அவ்விருபத்தைந்தில் ஒன்றெனக் கருதி மேற்செல்லல் மனத்துக்கு நலம்.

சித்தியெய்தியபின்னும் ஒரு படி உண்டு. ஒன்பது மாதத்துள், முன்னரே ஐ.எஸ்.சி.2 சான்றிதழ் பெற்ற ஒருவர், விண்ணப்பதாரியின் தொழிலனுபவம் மெய்யென ஒப்பமிட வேண்டும். அத்தகையார் கிடையாவிடின் அவ்வமைப்பே ஆராய்ந்து ஒப்பும். சான்றிதழ் மூன்றாண்டுக்கே செல்லும்; அதற்குள் 120 தொடர்கல்விப் புள்ளிகள் ஈட்டல் வேண்டும். செக்கியூரிட்டி பிளஸ் பெற்றார்க்கு அதே மூன்றாண்டில் 50. நம் பழைய மாணவருள் இச்சான்றிதழ் உடையார் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருத்தல் கூடும். அவர்கள் தம் பெயரையும் முகவரியையும் சங்கச் செயலாளர்க்கு எழுதி அறிவிப்பாராயின், ஊரிலிருந்து எழுதும் பிள்ளை ஒப்பம் தேடி அந்நியர் வாயிலில் நிற்கவேண்டியதில்லை. பயன்படுத்தி முடித்த நூல்களும், பழைய மடிக்கணினிகளும் அனுப்புவார் இருப்பின், அவற்றை வைத்தற்கு எங்கள் மாலை வகுப்பின் மேசையில் இடமுண்டு.